எல்லையோரத்து அடுக்களையும் தொலைக்காட்சிச் சமையலும்

சமையல் அறியாதவர்கள் கற்றுக்கொள்வதற்காகத் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி பார்க்கிறார்கள் என்றால், அது இயல்பே. ஆனால் நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் சாம்பார் வைத்து வரும் மூதாட்டியும், அடுப்பருகே ஒருநாளும் சென்றறியாத அவர் கணவரும் ஒரே பாயில் அமர்ந்து, யாரோ ஒருவர் சாம்பார் வைப்பதை இமை கொட்டாமல் பார்க்கிறார்களே, அது ஏன்? அங்கே கொதிக்கும் குழம்பின் மணம் நம்மை வந்து சேர்வதில்லை. ஒரு துளி எடுத்து நாவில் இட்டுப் பார்க்கவும் வழியில்லை. உண்ண முடியாத உணவைக் காண்பதில் இத்தனை இன்பம் எங்கிருந்து வருகிறது?

இக்கேள்விக்கு நாம் வாழும் கேரள மாநிலத்தின் கிழக்கு எல்லையிலிருந்து விடை காண முயல்வோம். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்திலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளின் வேளாண் குடும்பங்களிலும், தெற்கே இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு மலைத்தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வழங்கி வருகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது இப்பகுதிகள் கேரளத்தின்பாற் சேர்ந்தன. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்ததே தவிர, அடுப்பங்கரையில் விழவில்லை. காலையில் இட்டலியும் பகலில் புளிசேரியும் இரவில் கஞ்சியும் பயறும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக வாழ்வதை இங்கே காணலாம். பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களிலும் இதுபோன்றதொரு கலப்பு நிகழ்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

தொலைக்காட்சி வருமுன் நம் வீடுகளுக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தவை நூலும் வானொலியுமே. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’ என்னும் நூல் 1951ஆம் ஆண்டில் வெளிவந்தது. மணமாகித் தொலைதூரம் செல்லும் பெண்ணின் பெட்டியில் பட்டுப்புடவையோடு அந்நூலையும் வைத்து அனுப்பிய தாய்மார் பலர். 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. அதன் பின்னர், மகளிருக்கான நிகழ்ச்சிகளில் சமையல் குறிப்பு நீங்கா இடம் பெற்றது. பென்சிலும் தாளும் கையிலேந்தி வானொலிப் பெட்டியின் முன் காத்திருந்த காலம் நம்மில் மூத்தோருக்கு நினைவிருக்கும்.

எனினும் சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. “பொன்னிறமாக வறுத்துக் கொள்ளவும்” என்று குறிப்பில் வரும். எந்தப் பொன்? புதுப் பொன்னா, மங்கிய பொன்னா? “வெல்லப் பாகு கம்பிப் பதம் வந்ததும் இறக்கவும்” என்பார்கள். கம்பி எத்துணை மெல்லியது? புளிசேரி திரிந்து போகாமல் இருக்க, நுரை கூடி வரும் அந்த ஒரு கணத்தில் பாத்திரத்தை இறக்க வேண்டும். அக்கணத்தை எழுத்தால் எவ்வாறு காட்டுவது? பதம் என்பது அளவுமன்று, நேரமுமன்று. கண்ணும் கையும் சேர்ந்து கண்டுகொள்வது. தாயின் அருகில் நின்று பார்த்தவருக்கே அது வாய்த்தது. தாயைப் பிரிந்து வந்தவருக்கு வாய்க்கவில்லை.

தொலைக்காட்சிச் சமையலின் முதல் இன்பம் இங்கேதான் பிறக்கிறது. காமிரா வாணலியின் மேலே நின்று நேரே உள்ளே நோக்குகிறது. கடுகு வெடிக்கும் ஓசை கேட்கிறது. பாகு இரு விரல்களுக்கிடையே கம்பியாக நீள்வதைக் கண்ணாரக் காண்கிறோம். மறையூர் வெல்லத்தைக் கரைத்து எத்தனையோ முறை பாகு காய்ச்சியவருக்கும் அந்தக் காட்சி மகிழ்ச்சி தருகிறது. ஏனெனில் தம் கை அறிந்ததை வேறொரு கை செய்யும்போதுதான் தம் கண்ணால் அதை நன்றாகக் காண முடிகிறது. மூதாட்டி இமை கொட்டாமல் பார்ப்பதன் காரணம் இதுவே. அவர் கற்பதற்காகப் பார்க்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்கிறார். “அவள் வெந்தயத்தை முதலில் போட்டுவிட்டாள், கசக்கும் பார்” என்று அவர் தீர்ப்பளிக்கும்போது, வீட்டில் அவர் சொல்லுக்கு ஒரு தனி மதிப்பு உண்டாகிறது.

உலகில் இக்கலை தன் தொடக்க நாள்களில் ஓர் இடர்ப்பாடான காலத்தையும் கண்டது. 1946ஆம் ஆண்டில், போர்க்காலத்து உணவுப் பங்கீடு இன்னும் நீங்காத இங்கிலாந்தில், பி.பி.சி. தொலைக்காட்சியில் பிலிப் ஹார்பன் சமைத்துக் காட்டினார். அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டில் ஜூலியா சைல்ட் என்னும் அம்மையார் பிரெஞ்சுச் சமையலை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தார். ஒருமுறை உருளைக்கிழங்கு அடையைத் தூக்கிப் போட்டுத் திருப்பும்போது அதில் ஒரு பகுதி அடுப்பின்மேல் சிதறியது. அம்மையார் நாணவில்லை, அதை எடுத்து மீண்டும் சேர்த்து வைத்துவிட்டுத் தொடர்ந்தார். பார்த்திருந்த பெண்களுக்கு அதனால் எத்துணை ஆறுதல் கிடைத்திருக்கும் என்பதை அடி பிடித்த பாத்திரத்தைத் தேய்த்த அனுபவமுள்ள எவரும் உணர்வர்.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டில் தில்லியில் தொலைக்காட்சி தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஆனால் மலைநாட்டில் வாழ்ந்த நமக்கு ஓர் இடையூறு இருந்தது. தரையில் நிற்கும் கோபுரத்திலிருந்து புறப்படும் தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலே செல்வன. இடையே மலை நின்றால் அப்பால் இருப்பவர்க்கு நிழல்தான் மிஞ்சும். ஆகவே ஒரு சரிவில் தெளிவாகத் தெரியும் படம், அடுத்த சரிவில் வெறும் புள்ளிமழையாகப் பொழியும். செயற்கைக்கோள் வழி வரும் அலைகளோ வானத்திலிருந்து இறங்குவன. தென்வானம் மறைவின்றித் தெரியும் இடத்தில் ஒரு வட்டக் கிண்ணத்தை நிறுத்தினால் போதும். 1993ஆம் ஆண்டில் தமிழில் சன் தொலைக்காட்சியும் மலையாளத்தில் ஏசியாநெட்டும் இவ்வழியே தோன்றின. அதே ஆண்டில் இந்தியில் சஞ்சீவ் கபூரின் ‘கானா கஜானா’ ஜீ தொலைக்காட்சியில் தொடங்கி, வடபுலத்தில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் விருப்பத்துடன் காணப்பட்டது. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளின் ஓட்டுக்கூரைமேல் வட்டக் கிண்ணங்கள் முளைத்தன. இரு மொழிச் சமையலும் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தன.

இதனால் எல்லையோரத்தாராகிய நமக்கு ஓர் இரட்டை இன்பம் கிட்டியது. தமிழில் செட்டிநாட்டுச் சமையலைக் கவியரசர் கண்ணதாசனின் மகளார் ரேவதி சண்முகம் அமைதியாக விளக்குவார். சமையற்கலைஞர் தாமு கலகலப்பாகப் பேசுவார். வெங்கடேஷ் பட் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் கூறுவார். மலையாளத்தில் கைரளி தொலைக்காட்சியின் ‘மாஜிக் அவன்’ நிகழ்ச்சியில் லட்சுமி நாயர் கேரளச் சமையலைச் செய்து காட்டினார். வேறொரு தொடரில் ஊர் ஊராகச் சென்று அங்கங்கே உள்ளவர்களின் உணவை அறிமுகப்படுத்தினார். இவர்களிடம் நம்மை ஈர்ப்பது சமையற்குறிப்பு மட்டுமன்று. குறிப்பை நூலிலும் காணலாம். அடுத்த வீட்டு அடுக்களைக்குள் உரிமையோடு நுழைந்து, முக்காலியில் அமர்ந்து, ஒருவர் பேசிக்கொண்டே வேலை செய்வதைப் பார்த்திருக்கும் உணர்வு நூலில் இல்லை. அயலூரில் குடியேறியவருக்கு எளிதில் கிட்டாத பேறு அத்தகைய அண்டை வீடு.

மொழி பற்றியும் இங்கே ஒரு சொல் கூற வேண்டும். மலையாள நிகழ்ச்சியில் ‘சர்க்கர’ என்பது வெல்லம். வெள்ளைச் சர்க்கரைக்கு அங்கே ‘பஞ்சசார’ என்று பெயர். இதை அறியாமல் நம் வீட்டில் ஒருமுறை பாயசத்துக்கு வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டி, நிறமும் இன்றி மணமும் இன்றி ஒரு புதுப் பண்டம் செய்து முடித்தோம். பின்னர் எண்ணிப் பார்த்தபோது பிழை நம்முடையதே என்று தோன்றிற்று. நாம் வெல்லமிட்டுச் செய்யும் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் என்றுதானே பெயர்? பழைய பொருள் நம் மொழியிலும் மறைந்திருக்கிறது. அண்டை மொழி அதை எடுத்துக் காட்டியது. அவ்வாறே அவர்கள் ‘வெளுத்துள்ளி’ என்பது நம் வெள்ளைப் பூண்டு. ‘காயம்’ என்பது பெருங்காயம். ‘பெருஞ்சீரகம்’ என்பதோ நம்மில் பலர் சோம்பு என வழங்குவது. திரையில் பொருளும் பெயரும் ஒருங்கே தோன்றுவதால் அகராதி இன்றியே இரு மொழியும் விளங்குகின்றன. மலையாளப் பள்ளியில் பயிலும் நம் குழந்தைகளுக்கு, தாளித்தல், வதக்குதல், மசித்தல், கிளறுதல் என்னும் தமிழ்ச் சொற்களைச் செயலோடு சேர்த்துக் கற்பிக்கும் வகுப்பறையும் இதுவே.

அண்மைக் காலத்தில் சமையல் நிகழ்ச்சியின் உருவம் மாறியது. 2019ஆம் ஆண்டில் விஜய் தொலைக்காட்சியில் ‘குக் வித் கோமாளி’ தொடங்கிற்று. சமைப்பவர் ஒருவருக்குச் சமையல் அறியாத கோமாளி ஒருவரைத் துணையாக்கி, அவர் உப்புக்கும் சர்க்கரைக்கும் வேறுபாடு தெரியாமல் விழிப்பதைக் காட்டியது. 2021ஆம் ஆண்டில் சன் தொலைக்காட்சியில் நடிகர் விஜய் சேதுபதி ‘மாஸ்டர்செஃப்’ போட்டியைத் தமிழில் நடத்தினார். முன்னது சிரிப்பு, பின்னது பரபரப்பு. அடுப்பருகே ஒருநாளும் செல்லாத குடும்பத் தலைவரை மூதாட்டியின் பாயில் கொண்டுவந்து அமர்த்தியவை இத்தகைய நிகழ்ச்சிகளே. கோமாளியைக் கண்டு அவர் நகைக்கும்போது, தம்மையே கண்டு நகைக்கிறார். குற்றமில்லை, சிலர் அடுத்த நாளே வெங்காயம் நறுக்கவும் முன்வந்திருக்கின்றனர்.

ஆயினும் இவ்வின்பத்தில் ஒரு மயக்கம் கலந்திருப்பதை நாம் உணர வேண்டும். மாவு புளிக்க ஓர் இரவு வேண்டும்; திரையிலோ, “முன்பே அரைத்துப் புளிக்க வைத்தது இதோ” என்று ஒரு பாத்திரம் மேசைக்கடியிலிருந்து எழுந்து வருகிறது. காத்திருத்தலும், விறகின் புகையும், தோற்றுப்போன முதல் ஈடும் காட்சியிலிருந்து நீக்கப்பட்டுவிடுகின்றன. பார்த்து முடித்தவர் தாமே சமைத்து முடித்த நிறைவை அடைந்துவிடுகிறார். அடுப்பு அன்றும் எரியாமல் போகிறது.

இதற்குப் பாலக்காட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். நகருக்குக் கிழக்கே எலப்புள்ளியை அடுத்து ராமசேரி என்னும் சிற்றூர் உள்ளது. முன்னாளில் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியதாகக் கூறப்படும் முதலியார் குடும்பங்கள் அங்கே இட்டலி செய்து வருகின்றன. மண் வளையத்தின் குறுக்கே நூலை வலைபோலப் பின்னி, அதன்மேல் ஈரத் துணியை விரித்து மாவை வார்க்கிறார்கள். கொதிநீர்ப் பானையின்மேல் அதனை ஏற்றி, மேலே மற்றொரு பாத்திரத்தைக் கவிழ்த்து அவிக்கிறார்கள். தட்டையாகவும் பஞ்சுபோலவும் வரும் அவ்விட்டலியைத் தேங்காயெண்ணெயில் குழைத்த பொடியோடு உண்பது வழக்கம். இதனைப் படம் பிடிக்க வந்த காமிராக்கள் பல. தொலைக்காட்சியிலும், இன்று கைப்பேசித் திரையிலும் இதைக் கண்டு வியந்தோர் எண்ணற்றோர். ஆனால் இதைச் செய்யும் குடும்பங்கள் இன்று சிலவே. கண்டவர் தொகை பெருகப் பெருகச் செய்பவர் தொகை பெருகவில்லை. புலம்பெயர்ந்த தமிழர் எடுத்து வந்து காப்பாற்றிய ஒரு கைத்திறன் காட்சிப் பொருளாக மட்டும் எஞ்சிவிடலாகாது.

நம் அக்கிரகாரத்து மொளகூட்டலுக்கும், தோட்டத்துத் தொழிலாளர் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கும், உங்கள் இல்லத்தில் உங்கள் பாட்டியார் மட்டுமே அறிந்த ஏதோ ஒரு துவையலுக்கும் இதே நிலை நேரக்கூடும். திரையில் தோன்றும் பேரறிஞர் எவருக்கும் அந்தத் துவையல் தெரியாது. அது தொலைந்தால் தேடித்தர நிலையம் எதுவும் இல்லை.

எனவே இன்பமாகப் பார்ப்போம். அதில் தவறேதும் இல்லை. தாயின் அருகில் நின்று காணும் வாய்ப்பை இழந்தவர்க்கு அதை ஓரளவேனும் மீட்டுத் தருவதே இந்நிகழ்ச்சிகளின் இன்பம் என்று கண்டோம். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறையாவது வீட்டு மூத்தவர் ஒருவரை அடுப்பருகே அழைத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, நம் வீட்டுப் பண்டம் ஒன்றைச் செய்து பார்ப்போம். பதம் தவறினால் சிரித்துக்கொண்டு மறுமுறை செய்வோம். “பொன்னிறம் என்றால் இதுதான்” என்று ஒரு குழந்தைக்கு நாமே வாணலியில் காட்டும்போது, திரையால் தர முடியாத மணமும் சுவையும் அங்கே உடன் இருக்கும்.