தேடும் பக்கத்தில் முன் வரிசை யாருக்கு?

கடையில் எந்தச் சரக்கை எங்கே வைப்பது என்பது தற்செயலாக நடப்பதல்ல. கல்லாவுக்குப் பக்கத்தில் மிட்டாய் ஜாடி, கண்ணுக்கு நேரே லாபம் கூடிய சாமான், உள்ளே அரிசி மூட்டை என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. தமது சோப்பை முன் வரிசையில் அடுக்கும்படி கம்பெனிக்காரர்கள் ஒரு தொகை கொடுப்பதும் நாம் அறிந்ததே. இன்டர்நெட்டில் விவரம் தேடித்தரும் அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் பக்கங்களை அமைத்திருப்பதும் இதே கணக்கில்தான். நம் வாடிக்கையாளர்களில் பலர் இன்று கடையைத் தேடுவது அந்தப் பக்கங்களில் என்பதால், அந்த அலமாரி அடுக்கப்பட்ட விதத்தை வணிக அன்பர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் பேர் வாங்கியது யாஹூ. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் 1994இல் தொடங்கியது. ஆட்களே ஒவ்வொரு தளத்தையும் பார்த்து, வியாபாரம், கலை, செய்தி என்று இனவாரியாகப் பிரித்து எழுதிய பட்டியல் அது. மொத்த வியாபாரியின் பேரேடு மாதிரி, தலைப்புக்குள் தலைப்பாகப் போக வேண்டும். 1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் கொண்டுவந்த ஆல்டாவிஸ்டாவில் ஒரு பெட்டியில் சொல்லை எழுதினால் போதும், இயந்திரமே தேடியது. ஆனால் வந்தவர்களை நெடுநேரம் உட்கார வைத்தால் விளம்பரப் படங்களை அதிகம் காட்டலாம் என்ற ஆசையில் இரு பக்கங்களிலும் செய்தி, கடிதம், கடைவீதி என்று சாமான் குவிந்தது. நடக்க இடமில்லாத கடையாகிவிட்டது என்றே சொல்லலாம்.

1998இல் வந்த கூகுள் நேர்மாறாகச் செய்தது. வெள்ளைப் பக்கம், நடுவில் பெயர், ஒரு பெட்டி, இரண்டு பொத்தான், அவ்வளவுதான். கேட்டதைக் கொடுத்துச் சீக்கிரம் வழியனுப்பிய கடைக்கே கூட்டம் திரும்பி வந்தது. ஆல்டாவிஸ்டா 2013இலும், யாஹூவின் பட்டியல் 2014 முடிவிலும் மூடப்பட்டன.

இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய ஆள், அதிகம் பேசப்படாத பில் கிராஸ். அவர் 1998இல் நடத்திய கோ-டூ என்ற தளத்தில் முன் வரிசை இடம் ஏலத்துக்கு விடப்பட்டது. யார் அதிகம் கேட்கிறாரோ அவர் பெயர் முதலில். ஒருவர் அந்தப் பெயரை அமுக்கினால்தான் பணம். அதிலும் சிறப்பு என்னவென்றால், விளம்பரக்காரர் எவ்வளவு கொடுக்கிறார் என்பதைப் பெயருக்கு அருகிலேயே அச்சிட்டிருந்தார்கள். தேடலைக் காசுக்கு விற்பதாகப் பலர் முகம் சுளித்தார்கள். என் அபிப்பிராயத்தில், இந்த வியாபாரத்தில் இதைவிட ஒளிவுமறைவில்லாத பக்கம் பிறகு வரவில்லை. 2003இல் யாஹூ அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது. கூகுளும் 2000இல் விளம்பரம் ஆரம்பித்து, 2002இல் அமுக்குக்கு இவ்வளவு என்ற ஏல முறைக்கு மாறியது. விலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை.

காசு கொடுத்த இடத்தைத் தனியாகத் தெரியும்படி காட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் 2002இலும் 2013இலும் இந்த நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. நடந்ததைப் பாருங்கள். கூகுளில் விளம்பரத்துக்குப் பின்னால் முன்பு வெளிர் நிறம் பூசியிருந்தார்கள். 2013இல் அதை எடுத்துவிட்டு மஞ்சள் சீட்டு ஒட்டினார்கள். 2016இல் சீட்டு பச்சையானது. 2017இல் பச்சைக் கோடு மட்டும் மிஞ்சியது. 2020 ஜனவரியில் கம்ப்யூட்டர் திரையில் வெறும் கறுப்பு எழுத்து. சாதாரண முடிவுகளுக்கும் பக்கத்தில் ஒரு சின்னம் வைத்ததால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. கண்டனம் கிளம்பியதும் சில நாட்களிலேயே சின்னங்களில் பின்வாங்கினார்கள். இதற்கிடையே 2016இல் வலப்பக்க விளம்பர வரிசையை எடுத்துவிட்டு, முடிவுகளின் தலைமேல் நான்கு வரை வைக்கத் தொடங்கினார்கள். செல்போனில் நான்கு என்றால் முதல் திரையே நிரம்பிவிடும்.

மைக்ரோசாஃப்ட் 2009இல் தொடங்கிய பிங், தினம் ஒரு பெரிய படத்தை முகப்பில் வைத்துத் தன்னை வேறுபடுத்திக் காட்டியது. முடிவுப் பக்கத்துக்குப் போனால் வித்தியாசம் குறைவு. அங்கும் விளம்பரம் தலைமேல்தான். எழுத்தின் நீல நிறத்தைச் சோதித்து மாற்றியதில் ஆண்டுக்கு 8 கோடி டாலர் வருமானம் கூடும் என்று அந்நிறுவனத்தார் 2010இல் சொன்னார்கள். கூகுளோ 41 வகை நீலத்தைச் சோதித்தது. இரு கடைக்காரர்களும் கண்ணுக்கு இவ்வளவு விலை வைத்திருக்கிறார்கள்.

கடைத்தெருவின் சொந்தக்காரரே கடையும் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் ஐரோப்பா கண்டது. பொருள் விலையை ஒப்பிட்டுக் காட்டும் தன் சொந்தச் சேவையை மேலே வைத்து, போட்டியாளர்களைக் கீழே தள்ளியதற்காக 2017இல் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

நம்மில் விளம்பரம் கொடுக்க எண்ணுவோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, ஒரு அமுக்குக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் அமுக்கி 4 பேர் வாங்கினால், ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவரும் செலவு 250 ரூபாய். துவரம்பருப்பில் அது கட்டாது. கல்யாணத்துக்கு மொத்தச் சாமான் வாங்குபவரிடம் கட்டும். உங்கள் கடைப் பெயரையே ஒருவர் தேடும்போது வேறொருவர் விளம்பரம் தலைமேல் வருகிறதா என்பதையும் வேறு ஒருவரின் போனில் தேடிப் பாருங்கள். கடையின் பெயர், முகவரி, போன் நம்பர், திறக்கும் நேரம் ஆகியவற்றை வரைபடத்தில் பதிவது வேறு விஷயம். அதற்குக் கூகுளிலும் பிங்கிலும் கட்டணம் இல்லை. கட்டணம் உண்டு என்று யாராவது கடைக்கு வந்து பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.