மெதுவாகப் போகப் பிறந்த மோட்டார்

மினியாப்பொலிஸில் மகன் வீட்டுக்குப் போயிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர், தூண்டில் பிரியர். மகன் வாங்கிக் கொடுத்த காற்றடைக்கும் படகில் 55 பவுண்டு மின்மோட்டார் ஒன்றை மாட்டிக்கொண்டு இருவரும் ஏரியில் இறங்கியிருக்கிறார்கள். "சத்தமே இல்லாமல் அருமையாக ஓடுகிறது. ஆனால் முக்கால் மணி நேரத்துக்குள் பேட்டரி இறங்கிவிடுகிறது. துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்கிறோம். இன்னும் பெரிய மோட்டாராக வாங்கிவிடலாமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் ஐயா. உங்கள் மோட்டாரில் குறை ஏதும் இல்லை. அது எந்த வேலைக்காகப் பிறந்ததோ அதை மட்டும் கொடுத்தால் அரை நாள் அலுக்காமல் ஓடும்.

நீங்கள் இருக்கும் மாநிலத்துக்குப் பக்கத்தில்தான் இந்த வகை மோட்டார் பிறந்தது. மினசோட்டா எல்லையை ஒட்டி, வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் 1934-இல் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து, அதில் தண்டும் புரொப்பெல்லரும் கைப்பிடியும் பொருத்தினார். இரண்டு மாநிலப் பெயர்களையும் ஒட்டவைத்து 'மின் கோட்டா' என்ற நிறுவனம் உருவானது. அந்தப் பக்கத்து ஏரிகளில் எல்லோரும் தேடிப் போவது வால்ஐ மீனை. நடக்கும் வேகத்தைவிடக் குறைவாக, மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டரில் இரையை இழுத்துக்கொண்டே போனால் அது வந்து கவ்வும். அவ்வளவு மெதுவாகவும் சீராகவும் படகை நகர்த்தத்தான் இந்த மோட்டார்.

பெட்டியின் மேல் 30, 55 என்று பவுண்டில் போட்டிருப்பது குதிரைத்திறன் அல்ல, தள்ளுவிசை. 55 பவுண்டு என்றால் 25 கிலோ எடையின் விசை. 12 வோல்ட்டில் ஓடும் மோட்டார்கள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். முழு வேகத்தில் அது 50 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போதுகூட 600 வாட்தான், ஒரு குதிரைத்திறனுக்கும் குறைவு.

இந்த இயந்திரத்தில் என்னை மயக்கும் விஷயம், அது வேகத்துக்குக் கேட்கிற விலை. நான் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றை எதிர்த்து சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போனவன். நிதானமாக மிதித்தால் போய்ச் சேரலாம். மணி அடித்துவிடப் போகிறது என்று கொஞ்சம் கூட்டி மிதித்தால் தொடை எரியும், மூச்சு வாங்கும், சைக்கிள் என்னவோ முன்போலத்தான் ஊரும். தண்ணீரில் படகின் நிலையும் அதுவே. வேகம் இரண்டு மடங்கானால் நீரின் தடை நான்கு மடங்கு. அதைத் தாண்டிப் போகத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு.

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் செலவு எட்டில் ஒரு பங்கு. அதே பேட்டரி எட்டு மடங்கு நேரம் வரும். பாதி வேகத்தில் எட்டு மடங்கு நேரம் என்றால் நான்கு மடங்கு தூரம்! ஏட்டுக் கணக்கு ஏரியில் அப்படியே பலிக்காது. காற்றும் மோட்டாரின் இழப்புகளும் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிஞ்சுவதே கொள்ளை லாபம்.

பெரிய மோட்டார் போட்டால் பறக்கலாம் என்ற ஆசைக்கும் தண்ணீரே தடை போடுகிறது. நீரைக் கிழித்துப் போகும் படகு தன் முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீள்கிறது. அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியதும் படகு தான் எழுப்பிய மேட்டிலேயே ஏற வேண்டியதாகிவிடும். 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கி ஊரில் தொட்டி கட்டி, மாதிரிப் படகுகளை இழுத்து இதை ஆராய்ந்தவர் வில்லியம் ஃப்ரூட். நீரைத் தொடும் நீளம் ஒன்பது அடி என்றால் இந்த எல்லை மணிக்கு ஏழு கிலோமீட்டர் சொச்சம். மொண்ணை மூக்குள்ள காற்றுப் படகுக்கு அதுவும் கிடைப்பது அரிது. அதனால் 30 பவுண்டுக்கும் 55 பவுண்டுக்கும் உச்ச வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. காற்றை எதிர்த்து நிற்கும் தெம்புதான் கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முன்னால் ஐந்து, பின்னால் மூன்று என்று படிகள் வைத்த மலிவு மோட்டார்களில் வேகத்தைக் குறைப்பது ஒரு மின்தடைச் சுருள். பேட்டரி தரும் மின்சாரத்தில் ஒரு பங்கை அது வெப்பமாக்கி ஏரித் தண்ணீரில் விட்டுவிடும். படியில்லாமல் திருகும் வகை, மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை விட்டு விட்டுக் கொடுக்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் மெதுவாகப் போகிறவருக்கு அந்தப் பணம் பேட்டரியில் திரும்பி வந்துவிடும்.

பேட்டரிக்கு வருவோம். பலரும் காரிலிருந்து கழற்றிய பேட்டரியைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். அதன் மெல்லிய தகடுகள் சில நொடி பெரு மின்னோட்டம் கொடுக்கச் செய்யப்பட்டவை. மணிக்கணக்கில் கறந்தால் சில மாதங்களில் செத்துப்போகும். தடித்த தகடுள்ள 'டீப் சைக்கிள்' பேட்டரிதான் இதற்கு ஏற்றது. அதையும் பாதிக்குமேல் இறக்கக் கூடாது. 100 ஆம்பியர்-மணி என்ற எண்ணே 20 மணி நேரம் நிதானமாகக் கறந்தால் கிடைப்பது. 50 ஆம்பியரில் உறிஞ்சினால் அந்த அளவும் சுருங்கும். உங்கள் முக்கால் மணி நேரக் கணக்கு இப்போது புரிந்திருக்கும். கரைக்கு வந்த அன்றிரவே சார்ஜில் போடுங்கள். இறங்கிய ஈய பேட்டரியை வாரக்கணக்கில் மூலையில் போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். இப்படிச் சாகடிக்கப்பட்ட பேட்டரிகளை உடைத்து உருக்கும்போது அதன் ஈயம் யாரோ ஒரு தொழிலாளியின் மூச்சில் போய் முடியலாம். அதை நினைத்தாவது பராமரிக்க வேண்டும்.

காற்றுப் படகுக்கென்று சில பாடங்கள் உண்டு. ஆள், மோட்டார், பேட்டரி மூன்றும் பின்னால் குவிந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும். காற்று அதைப் பிடித்துத் திருப்பும். பேட்டரியை மூடிய பெட்டியில் வைத்து, முன்பக்கம் வாரால் கட்டுங்கள். நேர்முனைக் கம்பியில் பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ் இருக்கட்டும். வெயிலில் ஊதிய படகு குளிர்ந்த நீரில் இறங்கியதும் தொய்யும். மறுபடி பம்ப் அடியுங்கள். போகும்போது எதிர்காற்றில் போனால் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். துடுப்பும் உயிர்காப்பு உடையும் இல்லாமல் சின்ன ஏரியில்கூட இறங்கக் கூடாது.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. அமெரிக்காவில் குடிநீர் தரும் ஏரிகள் பலவற்றிலும், பென்சில்வேனியா மாநிலப் பூங்கா ஏரிகள் பலவற்றிலும் பெட்ரோல் மோட்டாருக்கு அனுமதி இல்லை, மின்மோட்டாருக்கு உண்டு. எண்ணெய் கசியாது என்று நம்பிக் கொடுத்த சலுகை அது. சத்தமில்லை, புகையில்லை என்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஓர் ஏரியின் வேண்டாத உயிர்களை இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோகாமலும் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து, கப்பல்கள் எடைக்காக நிரப்பிவந்த நீரில் வந்த சீப்ரா சிப்பி 1988-இல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. 2010-இல் மினியாப்பொலிஸுக்கு அருகிலுள்ள மினடொங்கா ஏரிக்கும் வந்துவிட்டது. அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது. காற்றுப் படகை ஈரத்தோடு மடித்துக் காரில் போட்டால், மடிப்புக்குள் தேங்கிய ஒரு கை நீரே அவற்றை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போதும். ஒருமுறை குடியேறிவிட்டால் பிறகு பெரும்பாலும் ஒழிக்க முடிவதில்லை.

ஆகவே, பெரிய மோட்டாருக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல பேட்டரி ஒன்று வாங்குங்கள். பாதி வேகத்தில் போங்கள். கரை ஏறியதும் மோட்டாரில் சுற்றிய பாசியையும் தூண்டில் நரம்பையும் எடுத்துவிட்டு, படகை விரித்துப் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். அது காயும்வரை அடுத்த ஏரி காத்திருக்கட்டும்.