மருந்து கிடைக்கின்றது, வருமானம்?

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் பெண்ணொருவரின் இன்றைய பெருங்கவலை அநேகமாக மருந்து பற்றியதன்று. அரசாங்கத்தின் பாலியல்நோய்ச் சிகிச்சை நிலையங்களில் அது இலவசமாகவே வழங்கப்படுகின்றது. அதனை ஒழுங்காக உட்கொள்பவர் ஏனையோரைப் போன்று நீண்டகாலம் வாழவும் உழைக்கவும் முடியும். தாயிடமிருந்து சேய்க்கு இத்தொற்று பரவுவதை இல்லாதொழித்த நாடாக 2019ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அங்கீகரித்தது. ஆயின், சிகிச்சை நிலையத்துக்குச் செல்லும் பஸ் கட்டணமும் அன்று இழக்கும் கூலியும் அவரது கையிலிருந்தே போகின்றன. கணவனிடமிருந்து தொற்றைப் பெற்று, அவரையும் இழந்து, பிள்ளைகளுடன் தனித்து நிற்பவருக்கு அது சிறிய செலவன்று.

இத்தகையோருக்குத் தொழில்வழி காட்ட விரும்பும் தொண்டர்களுக்குத் தென்னாபிரிக்கா நல்லதோர் உதாரணமாகத் தோன்றக்கூடும். கேப்டவுனில் 1994ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'வோலா நானி' அமைப்பின் மூலம், தொற்றுடன் வாழும் பெண்கள் உணவுப் பேணிகளின் லேபிள் தாள்களை ஒட்டிச் செய்த கிண்ணங்கள் வெளிநாடுகளிலும் விற்பனையாகின. செய்தவர் யார் என்பதே அங்கு பொருளுக்கு மதிப்பைச் சேர்த்தது. இலட்சக்கணக்கானோர் தொற்றுடன் வாழும் நாட்டில் அது சாத்தியமானது. வயதுவந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவானோரே தொற்றுக்குள்ளாகியுள்ள எமது நாட்டிலோ, ஒரு கிராமத்தில் அவ்வாறானவர் ஒருவரே இருக்கக்கூடும்.

2016இல் குளியாப்பிட்டியில் வெறும் வதந்தியின் பேரில் ஒரு சிறுவனுக்குப் பாடசாலைக் கதவு அடைக்கப்பட்டது. அவனுக்குத் தொற்றே இருக்கவில்லை. விடயம் உயர் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. அப்படியிருக்க, இடியப்பம் அவித்து விற்கும் பெண்ணின் கதி என்னவாகும்? உணவினாலோ தைத்த துணியினாலோ இக்கிருமி தொற்றாது என மருத்துவர்கள் எத்தனை முறை கூறினாலும், செய்தி கசிந்த மறுநாள் அவரது வாசலுக்கு எவரும் வரமாட்டார்கள்.

ஆகவே, தையல் இயந்திரத்தைக் கையளித்துப் புகைப்படம் எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் எமது வழக்கம் இவ்விடயத்தில் ஆபத்தானது. (வேறெந்த விடயத்திலும் அது அழகானதென்று கூறுவதற்கில்லை.) பள்ளிவாசல், ஆலயம், தேவாலயம் சார்ந்த நற்பணி மன்றங்கள் இவர்களுக்கெனத் தனித்திட்டம் வகுக்காமல், பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கான பொதுவான வாழ்வாதாரத் திட்டங்களில் இவர்களையும் உள்வாங்குவதே உகந்தது. அப்பெண்ணின் சம்மதத்துடன் சிகிச்சை நிலையத்தாரோ, தொற்றுடன் வாழ்வோரின் அமைப்புகளோ அவரை அத்திட்டத்துக்கு அனுப்பலாம். அவர் எங்கிருந்து வந்தார் என்பதைத் தொண்டர் அறியவேண்டிய அவசியமே இல்லை.

தொண்டருக்கான வேலை வேறிடத்தில் இருக்கின்றது. இயந்திரம் கிடைத்த பின்னரும் விற்கும் வழி தெரியாமல் அது மூலையில் தூசி படிந்து கிடப்பதே வழமை. ஒரு சட்டைக்குத் துணி, நூல், மின்சாரம், தைப்பவரின் நேரம் ஆகியவற்றைச் சேர்த்து விலை கணிக்கக் கற்றுக்கொடுப்பவர், பாடசாலைச் சீருடைக்கு ஓடர் பெற்றுத்தருபவர், கடைக்காரரிடமிருந்து பணம் நேரடியாக அப்பெண்ணின் வங்கிக் கணக்குக்குச் செல்ல ஒழுங்கு செய்பவர் ஆகியோரே இப்போது தேவைப்படுகின்றனர். வாரத்தில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய ஓய்வுபெற்ற கணக்காளரோ வர்த்தக ஆசிரியரோ இதனைச் செய்ய முடியும்.