மகனின் படிப்புக்கு முற்பணம் கட்டுமுன்

கடந்த மாதம் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது, கெய்ஸர் வீதியில் புடவை மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். கையில் தனியார் கல்வி நிலையமொன்றின் பளபளப்பான கையேடு. மகன் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தி. ஆனால் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி எட்டவில்லை.

"நானா, வெளிநாட்டுப் பட்டமாம். இந்தக் கிழமைக்குள்ள கட்டினா கழிவும் இருக்காம். என்ன சொல்றீங்க?"

"சீனாவிலிருந்து ஒரு கொள்கலன் துணி இறக்கமுன் எத்தனை மாதிரி பார்ப்பீங்க ஹாஜியார்?" என்று கேட்டேன். சிரித்தார். மாதிரி பார்ப்பார், விற்பவனைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார், வங்கியில் நாணயக் கடிதம் திறந்த பிறகும் நிம்மதியாகத் தூங்கமாட்டார். மகனின் மூன்று வருடத்துக்கு மட்டும் ஒரு கையேடு போதுமாக இருந்தது.

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. 2011இல் நானும் அதையே செய்தேன். மூத்த மகனுக்காக ஒரு நிறுவனத்தில் சுமார் ஏழு இலட்சம் கட்டினேன். இரண்டாம் வருடத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடனான அவர்களது தொடர்பு முறிந்தது. பிள்ளைகள் நடுவழியில் நின்றார்கள். காசு போனதை மறந்துவிட்டேன். மகன் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, அதுதான் மனதை அறுக்கிறது.

அன்று நான் கொழும்பு 7, வார்ட் பிளேஸ் 20ஆம் இலக்கத்திலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் விசாரித்திருக்க வேண்டும். சான்றிதழில் யார் பெயர் இருக்கும், அந்தப் பல்கலைக்கழகத்தை ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா, தொடர்பு முறிந்தால் படித்த பாடங்களை வேறெங்காவது கொண்டுசெல்ல முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன பதிலை நம்பி எந்த வியாபாரியும் சரக்கு இறக்குவதில்லையே.

இன்னொரு விடயம். "அம்பாறையிலிருக்கிற உன் மச்சான் உன்னைவிடக் குறைஞ்ச புள்ளியில கெம்பஸ் போயிட்டான்" என்று ஹாஜியார் மகனை ஏசியிருக்கிறார். கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்பதே நீண்டகால முறை. ஒரே இசட் புள்ளி ஓரிடத்தில் செல்லும், இன்னோரிடத்தில் செல்லாது. இதற்குப் பிள்ளையை ஏசி என்ன பயன்?

வாப்பாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் மகனைத் தனியே வரச் சொன்னேன். அரை மணி நேரம் தலையைக் குனிந்தபடி இருந்தார். பிறகு கைப்பேசியை நீட்டினார். வாப்பாவின் கடன் கொப்பி முழுவதையும் இரவிரவாகக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்! மூன்று மாதத்துக்கு மேல் காசு தராதவர்கள் யார், யாருக்கு மேலும் மேலும் சரக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருந்தது. அதிலிருந்த இரண்டு பெயர்களைக் கண்டதும் நானே திடுக்கிட்டேன், எனக்கும் அவர்கள் பாக்கி.

"வாப்பாகிட்டக் காட்டலியா?"

"அவர் கேட்கல்லியே."

இந்தப் பிள்ளைக்குக் கணக்கீட்டில் கையிருக்கிறது. 1987இல் தொடங்கப்பட்ட ஏ.ஏ.ரி. நிறுவனத்தின் பரீட்சைகளை வேலை செய்துகொண்டே எழுதலாம். அதிலிருந்து, 1959முதல் இயங்கும் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பக்கம் போகலாம். பட்டம் வேண்டுமென்றால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. கையால் செய்யும் தொழிலில் ஆசையுள்ள பிள்ளைகளுக்குத் தேசிய தொழில் தகைமை என்ற என்.வி.கியூ. இருக்கிறது. படிப்படியாக ஏறினால் அதன் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். எம்மவர்கள் இதைப் 'படிக்காதவனின் படிப்பு' என்று ஒதுக்குவது எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை.

ஹாஜியாரிடம் ஒரேயொரு நிபந்தனை போட்டேன். காலையில் வகுப்பு, பகலுக்குப் பிறகு கடை, மாத முடிவில் சம்பளம். காசு மேசையில் மட்டும் உட்கார வைக்காமல் சுங்கத்துக்கும் வங்கிக்கும் அனுப்ப வேண்டும். உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழக வகுப்பில் உட்காருமுன் ஒரு வருடத்துக்கு மேல் கழிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் நம் கடைகளில் இப்படி ஓர் இடம் கொடுக்கலாம்.

சம்பளம் என்றதும் "சொந்த மகனுக்கா?" என்றார். கடன் கொப்பியின் அந்தப் பட்டியலைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சரியென்றார்.

எழும்பும்போது, இரண்டாவது மகள் அடுத்த வருடம் உயர்தரம் எழுதுவதாகவும் அவர்தான் வீட்டில் கெட்டிக்காரி என்றும் சொன்னார். என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த வாப்பாமாரில் மகளுக்காக வந்தவர்கள் இதுவரை இருவர்தான். அவவையும் உம்மாவோடு ஒரு நாளைக்குக் கூட்டிவாருங்கள் என்றேன். வீட்டில் கதைத்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.