வாத்து வேட்டைத் துப்பாக்கியும் பழைய டிவியும்

சென்ற மாதம் கபாடிவாலாவை வாசலில் நிறுத்திவிட்டு, எங்கள் பழைய பிக்சர் ட்யூப் டிவியைத் தூக்கப் போனேன். லீவுக்கு வந்திருந்த மகன், "அப்பா, அது போனா துப்பாக்கியும் போச்சு" என்று தடுத்தான். எந்தத் துப்பாக்கி என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

1994-இல் நாங்கள் சரோஜினி நகரில், என் மனைவிக்குக் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். (இன்று அங்கே பழைய குவார்ட்டர்ஸ் இடிபட்டு அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன.) அப்போது பாலிகா பஜாரில் பேரம் பேசி மகனுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கினேன். ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-இல் வெளியிட்ட 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' பெட்டியின் நகல் அது. நம் பிள்ளைகளில் பலர் மாரியோவையும் கான்ட்ராவையும் அறிந்தது இத்தகைய நகல்களில்தான். கேசட்டின் மேல் லட்சக்கணக்கில் விளையாட்டு என்று அச்சடித்திருக்கும். உள்ளே சிலவே திரும்பத் திரும்ப வரும்! கூடவே, 'டக் ஹன்ட்' என்னும் வாத்து வேட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி.

பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தபோது அதைப் பரணில் ஏற்றியவன் நான்தான். பரீட்சை முடிந்தும் இறக்கித் தரவில்லை. மகனும் கேட்கவில்லை.

இப்போது பேரனுக்காக இறக்கினோம். முதலில் படமே வரவில்லை. மகன் வழக்கம்போல் கேசட்டை வாயால் ஊதினான். அது தவறு. எச்சில் ஈரம் பட்டால் செம்புப் பட்டைகள் அரிக்கும். ரயில்வே சிக்னல் பிரிவில் ரிலே கான்டாக்ட்டுகளோடு காலம் தள்ளியவன் நான். பஞ்சில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன், படம் வந்தது.

ஆனால் புதிய தட்டை டிவியில் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டது என்றான் பேரன்.

கெடவில்லை. துப்பாக்கியிலிருந்து டிவிக்கு எதுவும் பாய்வதில்லை. அதன் குழாய்க்குள் ஒரு லென்ஸும் ஒளியை உணரும் சிறு பாகமும் உண்டு. விசையை அழுத்தியதும் திரை கணநேரம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முதலில் இருளையும் பிறகு வெளிச்சத்தையும் கண்டால்தான் வாத்து விழும். பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்ற முடியாதபடி வைத்த ஏற்பாடு இது. இரண்டு வாத்து இருந்தால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்; எப்போது வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்து, பட்டது எது என்று பெட்டி கணக்கிடும்.

பழைய டிவியில் சிக்னல் வந்த கணமே எலெக்ட்ரான் கற்றை திரையில் வரி வரியாக ஒளியை எழுதிவிடும். தட்டை டிவியோ படத்தை வாங்கி, சீர்செய்து, சற்றுத் தாமதித்தே காட்டும். அதற்குள் பெட்டி பார்ப்பதை முடித்துவிடும். வண்டி போன பிறகு கைகாட்டி இறங்கி என்ன பயன்?

உங்கள் வீட்டிலும் பழைய டிவி இருந்தால் எறியுமுன் யோசியுங்கள். பின்மூடியை மட்டும் திறக்க வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கபாடிவாலா பழைய பேப்பரை மட்டும் எடைபோட்டுக் கொண்டு போனார். இடத்தை அடைக்கிறதே என்று மனைவிக்குக் கோபம். அன்று மாலை அந்தத் துப்பாக்கியை முதன்முறையாக நானும் பிடித்தேன். "கையை ஆட்டாதீங்கப்பா" என்று மகன் பின்னால் நின்று என் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். மூன்று வாத்து விழுந்தது.