நெஞ்சுக்குள் கட்டி... ரோபோதான் ஆபரேஷன் செய்யுமா?

``ஏந்தம்பி, ரோபோவே அறுத்துப்போடுமா? பாதியில கரன்ட்டு போச்சுன்னா?''

துடியலூரில் இருக்கும் உறவுக்கார அக்கா கேட்டது இது. அவர் கணவருக்குச் சில மாதங்களாகச் சாயங்காலமானால் கண் இமை சரிந்துவிடும். வயசாகிறது என்று விட்டுவிட்டார்கள். சோறு மெல்லவே தாடை சோர்ந்தபோதுதான் டாக்டரிடம் போனார்கள். ஸ்கேனில், மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் சுரப்பியில் கட்டி. தசைகளைச் சோர வைக்கும் இந்த நோய்க்கு ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ என்று பெயர். தைமஸ் கட்டி இருப்பவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இது வரும்.

முன்பெல்லாம் இந்தக் கட்டியை எடுக்க, நடு மார்பெலும்பை ரம்பத்தால் பிளந்து, பிறகு கம்பியால் இறுக்குவார்கள். எலும்பு கூட இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது.

ரோபோ முறையில், விலா எலும்புகளுக்கு நடுவே மூன்று நான்கு சிறு துளைகள்தான். பெயர்தான் ரோபோ; அது தானாக எதையும் அறுக்காது. அதே தியேட்டரில் சில அடி தள்ளி உட்கார்ந்து, நெஞ்சின் உள்பக்கத்தைப் பெரிதாக, முப்பரிமாணத்தில் பார்க்கும் சர்ஜனின் விரல் அசைவுக்குத்தான் கருவி அசையும். அவர் தலையை எடுத்தால் அப்படியே நின்றுவிடும். கரன்ட் போனால் ஜெனரேட்டர் உண்டு. மெஷினிலும் பேட்டரி உண்டு.

துளை வழியாக நெஞ்சுக்குள் ஆபரேஷன் செய்வது கோவைக்குப் புதிதல்ல. உணவுக்குழாய் புற்றுநோய்க்காக 130 பேரைக் குப்புறப் படுக்கவைத்து இப்படி ஆபரேஷன் செய்த அனுபவத்தை, ஜெம் மருத்துவமனையின் டாக்டர் பழனிவேலு குழுவினர் 2006-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். குப்புறப் படுத்தால் நுரையீரல் தன் எடையாலேயே விலகி வழிவிடும். எளிமையான யோசனை! அதற்கு ரோபோ தேவைப்படவில்லை.

இதைச் சொல்லக் காரணம், ரோபோவுக்குச் செலவு அதிகம். அரசு மருத்துவமனை என்றால், சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் 2022-ல் ரோபோ வந்தது. கட்டி பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டியிருந்தால் இன்றும் நெஞ்சைத் திறப்பதுதான் பாதுகாப்பு. துளையில் ஆரம்பித்துப் பாதியில் திறக்க நேர்ந்தாலும் அது தோல்வி அல்ல.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். அக்கா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார்: ``ரோபோ இல்லாம சாதாத் துளையில முடியாதுங்களா? இமை சரியறதை மயக்க மருந்து டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா? இந்த ஆபரேஷன் நீங்க எத்தனை பண்ணியிருக்கீங்க?''