தாலி ஏறினால் பென்ஷன் இறங்கும்! நெடுங்காடு பக்கம் துணை தேடும் தனிக்கட்டைகள் தவிப்பு

காரைக்கால்-

செத்தவரை நினைத்து அழுவதா? மாதக் கடைசிக்கு அரிசி இருக்கிறதா என்று பார்ப்பதா? ரெண்டு வார்த்தை பேச ஓர் ஆள் தேடுவதா?

காரைக்கால் மாவட்டம் நெடுங்காடு கொம்யூன் பகுதியில், புருஷனையோ பெண்சாதியையோ பறிகொடுத்துவிட்டுத் தனியாகக் காலம் தள்ளுகிறவர்களை ஆட்டிப்படைக்கிற கேள்விகள் இவை. முதல் இரண்டுக்கும் எப்படியோ வழி பிறக்கிறது. மூன்றாவதுதான் சங்கடம். துணை கிடைக்காவிட்டால் தனிமை. துணை கிடைத்து, அதை ஊரறியக் கல்யாணமாக்கிக்கொண்டால், மாசாமாசம் வந்துகொண்டிருந்த குடும்ப பென்ஷன் கட்!

சட்டமே அப்படித்தான் இருக்கிறது.

நடவும் போச்சு, பேச்சும் போச்சு

காரைக்கால் நகரத்துக்கு வடமேற்கே இருக்கிறது நெடுங்காடு. ஆட்சி புதுச்சேரியுடையது. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. காவிரியின் கடைமடை. நெல்தான் பிழைப்பு.

ஒரு காலத்தில் நடவு என்றால் பெண்கள் வரிசையாக வயலில் இறங்குவார்கள். அந்த வரிசையில் சுமங்கலி, அறுத்தவள் என்ற வித்தியாசம் இல்லை. சேற்றில் கால் வைத்தால் எல்லோரும் ஒன்றுதான். வீட்டு வம்பு, ஊர் வம்பு, மருமகள் குறை எல்லாம் அங்கேயே பேசித் தீர்ந்துவிடும். இப்போது நடவு மெஷினும் அறுவடை மெஷினும் வந்துவிட்டன. முதுகு வலி மிச்சம் என்பது வாஸ்தவம். ஆனால் பேச்சுத் துணையும் கூடவே போய்விட்டது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கை கொடுத்தது நூறு நாள் வேலை. 2005-ல் வந்த சட்டம் அது. 2008-ல் நாடு முழுக்க எல்லா மாவட்டங்களுக்கும் விரிவானது. வாய்க்காலில் எவ்வளவு மண் வெட்டினார்கள் என்பது வேறு கதை. அதை இங்கே கிளற வேண்டாம். தனியாக இருந்த பெண்கள் அதற்கு ஓடியது கூலிக்காக மட்டும் அல்ல. மரத்தடியில் தூக்கைத் திறந்து வைத்து, "உன் குழம்பு என்ன?" என்று கேட்டுக்கொள்ளும் அந்த அரை மணி நேரத்துக்காகவும்தான்.

வீட்டுக்கு வந்தால் காரைக்கால் பண்பலை வானொலிதான் கதி. பாட்டு கேட்பதற்கு என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். வீட்டில் ஒரு மனுஷக் குரல் இருந்தால் சரி என்று அணைக்காமலே விட்டு வைப்பவர்கள் உண்டு.

ராத்திரிதான் ரொம்பக் கஷ்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளையை "துணைக்குப் படுத்துக்க அனுப்பும்மா" என்று கேட்பது நம் கிராமத்துப் பழக்கம். அந்தப் பிள்ளையும் பத்தாவது முடித்துவிட்டு வெளியூர் போனால்? உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விடிய விடிய விழித்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஆம்பளை பாடு அதைவிட மோசம்

பெண்ணாவது அடுப்படியை நம்பிப் பிழைத்துக்கொள்வாள். ஆண்களில் பாதிப் பேருக்கு டீத்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்பதே பெண்சாதி போன பிறகுதான் தெரிகிறது. சர்க்கரை மாத்திரை காலையிலா, ராத்திரியிலா? அவளுக்குத்தான் தெரியும். அவள் போய்விட்டாள்.

மகன் வீட்டில் சாப்பாடு, மகள் வீட்டில் ஒரு வாரம் என்று ஓட்டுகிறவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் சாயங்காலம் ஆனால் ஒதுங்க ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். புதுச்சேரி ஆட்சியில் சாராயக்கடைக்கு லைசென்ஸ் உண்டு. அங்கே கூட்டமும் உண்டு, பேச்சும் உண்டு. துணை தேடிப் போனவர் குடித்துக் கெட்டுத் திரும்புகிறார். இதே கடையால் இளம் வயதிலேயே தாலியை இழந்த பெண்கள் வேறு தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

தனிமை என்பது சும்மா மனக்கஷ்டம் இல்லை, உயிருக்கே உலை வைக்கும் என்று பிரிட்டனில் கணக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 1969-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் வந்த ஆராய்ச்சி இது. மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களை 9 வருஷம் கவனித்தார்கள். முதல் 6 மாதத்துக்குள்ளேயே 213 பேர் செத்துப்போனார்கள். மனைவியோடு வாழும் அதே வயதுக்காரர்களின் சாவைவிட 40 சதவீதம் அதிகம்! "அவ போன ஆறாம் மாசமே அவரும் போய்ச் சேர்ந்துட்டார்" என்று நம் ஊரில் சொல்வது கதை அல்ல.

எண்ணிக்கையில் பெண்கள்தான் அதிகம். 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி இந்தியாவில் துணையை இழந்தவர்கள் சுமார் 5½ கோடி. அதில் முக்கால் பங்குக்கும் மேல் பெண்கள். காரணம் என்ன? புருஷன் வயதில் மூத்தவன், முதலில் போகிறான். பெண்சாதி முதலில் போனால் அவன் மறுபடி கட்டிக்கொள்கிறான், கணக்கிலிருந்தும் கழிந்துவிடுகிறான்.

சுனாமியின்போது இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 2004 டிசம்பர் 26-ல் காரைக்கால் கடலோரமும் நாகப்பட்டினமும் கடலூரும் அடிபட்டன. நாகை மாவட்டத்தில் 2,406 பெண்களும் 1,883 ஆண்களும், கடலூரில் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக ஆக்ஸ்பாம் தொண்டு நிறுவனம் 2005 மார்ச்சில் கணக்கு வெளியிட்டது. ஆண்கள் கடலில் இருந்தார்கள், பெண்கள் கரையில் இருந்தார்கள். கரையைத்தான் அலை அடித்தது. மனைவியை இழந்த மீனவர்கள் பலருக்கு மாதங்களிலேயே மறுமணம் நடந்தது. பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டுமே! கணவனை இழந்த பெண்களுக்கு அந்த அவசரத்தை யாரும் காட்டவில்லை. அவளுக்கும்தான் பிள்ளைகள் இருந்தன.

"மறுமணம் ஆகிவிட்டதா?"

இனி பென்ஷன் விவகாரத்துக்கு வருவோம்.

மத்திய அரசு ஓய்வூதிய விதிப்படி, அரசு ஊழியர் இறந்தால் அவர் மனைவிக்கோ கணவருக்கோ குடும்ப பென்ஷன் கிடைக்கும். எதுவரை? சாகும் வரை அல்லது மறுமணம் செய்துகொள்ளும் வரை. தொழிலாளர்களுக்கான 1995-ம் வருஷத்து பி.எப். பென்ஷன் திட்டத்திலும் இதே வாசகம்தான். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள பெண்களுக்காக 2009-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதவை உதவித்தொகையும், அவள் மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் நிற்கும்.

2014 நவம்பரிலிருந்து கைரேகை வைத்துக் கொடுக்கிற 'ஜீவன் பிரமாண்' சர்ட்டிபிகேட் வந்திருக்கிறது. உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி. அதிலேயே இன்னொரு கேள்வியும் உண்டு: மறுமணம் ஆகிவிட்டதா, ஆம், இல்லை. "இல்லை" என்று சொன்னால்தான் பணம். அறுபத்தைந்து வயதுப் பாட்டியிடம் கம்ப்யூட்டர் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

கல்யாணம் செய்துகொண்டு மறைத்தால் என்ன என்று யாராவது கேட்கக்கூடும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும், வழக்கும் வரும். விஷப்பரீட்சை வேண்டாம்.

விதிக்கு ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. 6-வது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு 2008-ல் வந்த ஆணைப்படி, பிள்ளை இல்லாத விதவை மறுமணம் செய்துகொண்டாலும் பென்ஷன் தொடரும். அவளுடைய சொந்த வருமானம் குறைந்தபட்ச குடும்ப பென்ஷன் அளவைத் தொடாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. பிள்ளை இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. பென்ஷன் பிள்ளைகளுக்குப் போகும், அதுவும் பொதுவாக 25 வயது வரைதான். வயதான பெண்ணின் பிள்ளைகள் அந்த வயதை எப்போதோ தாண்டியிருப்பார்கள். ஆக, யாருக்கும் இல்லாமல் போகும்.

காரைக்கால் பக்கத்துக்கே உரிய இன்னொரு வில்லங்கமும் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த 'சொல்தா'க்களின் விதவைகளுக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. பிரெஞ்சு சட்டம் இந்திய விதியைவிட ஒரு படி மேலே போகிறது. மறுமணம் செய்துகொண்டாலும் பென்ஷன் போகும். கல்யாணம் இல்லாமல் இன்னொருவரோடு ஊரறியக் குடித்தனம் நடத்தினாலும் போகும். ஒரே ஆறுதல், அந்தத் துணையும் இல்லாமல் போனால் பழைய பென்ஷனைத் திரும்பக் கேட்கலாம்.

சொத்து பயம்

பென்ஷன் இல்லாதவர்களுக்கு வேறு தடை. பிள்ளைகள்! "இந்த வயசுல அம்மாவுக்கு என்ன வந்துச்சு?" என்று வாய் கேட்கும். அரைக் காணி நிலமும் வீடும் யாருக்குப் போகும் என்று மனசு கேட்கும்.

1856-ல் விதவை மறுமணத்தை அனுமதித்த சட்டமே, மறுமணம் செய்தால் முதல் புருஷன் சொத்தில் உரிமை போய்விடும் என்று சொன்னது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்கிய சட்டம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு, கணவன் இறந்ததும் மனைவிக்கு வந்து சேர்ந்த பங்கு அவளுடைய முழுச் சொத்து. பிறகு மறுமணம் செய்தாலும் போகாது. 2008-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. 1856 சட்டம் 1983-ல் ரத்தே ஆகிவிட்டது.

ஆனால் பிள்ளைகள் பயப்படுவதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அவள் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைகளோடு சேர்ந்து புதுக் கணவனுக்கும் ஒரு பங்கு உண்டு. கல்யாணத்துக்கு முன்னாலேயே சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் உயிலைப் பதிவு செய்து பிள்ளைகள் கையில் ஒரு நகல் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை அன்றே அடங்கும்.

இஸ்லாமியக் குடும்பங்களில் 4 மாதம் 10 நாள் இத்தா முடிந்தால் மறுமணத்துக்குத் தடையே இல்லை. மார்க்கம் தடுக்கவில்லை, தடுக்கிறது நாலு பேர் பேச்சு. அதில் எல்லா மதமும் ஒன்று.

நாலு பேர் பேச்சு யாரைத்தான் விட்டது? நாகம்மையார் 1933-ல் இறந்த பிறகு 16 வருஷம் கழித்து, 70-ஐ நெருங்கிய வயதில் 1949 ஜூலை 9-ல் பெரியார் மணியம்மையை மணந்தார். கழகமே இரண்டானது. அதற்கு அரசியல் காரணங்கள் ஆயிரம் உண்டு. பெரியாருக்கே அந்தப் பாடு என்றால் நெடுங்காட்டில் ஒரு கிழவர் வாயைத் திறப்பாரா?

குஜராத்தில் ஒரு வழி

ஆமதாபாத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் குஜராத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் துணையை இழந்தார்கள். அதைப் பார்த்த நட்டுபாய் படேல் என்பவர், வயதானவர்களுக்கு வரன் பார்த்துக் கொடுக்கும் காரியத்தில் இறங்கினார். பென்ஷன் போகும், சொத்துத் தகராறு வரும் என்று கல்யாணத்துக்குத் தயங்கியவர்களுக்காக, 2011 நவம்பரில் 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து வாழத் துணை தேடும் கூட்டத்தையே நடத்தினார். ஐதராபாத்தில் ராஜேஸ்வரி என்ற அம்மையார் 2010-ல் தொடங்கிய அமைப்பின் பெயர் 'தோடு நீட'. துணையும் நிழலும் என்று அர்த்தம்.

இங்கே சரிப்படுமா? நெடுங்காட்டில் ஒரு தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் "நூறு வயசு" என்பார்கள். கல்யாணம் இல்லாமல் ஒரே வீட்டில் இருப்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. ஆனால் வரன் பார்க்கும் கூட்டம், அதுவும் முடியாவிட்டால் கொம்யூன் கட்டிடத்தில் சாயங்காலம் நாலு நாற்காலி, ஒரு தாயக்கட்டம், ஒரு கெட்டில் டீ, இதற்கு என்ன செலவு ஆகிவிடப் போகிறது?

மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமசபை 2022 மே 4-ல், விதவையின் தாலி அறுப்பது, வளையல் உடைப்பது, பொட்டு அழிப்பது கூடாது என்று தீர்மானம் போட்டது. அதைப் பின்பற்றும்படி மற்ற ஊராட்சிகளுக்கு அந்த மாநில அரசே அதே மாதம் சுற்றறிக்கை அனுப்பியது. பக்கத்திலேயே, ஈரோடு மாவட்டத்தில் ஒரு விதவையைக் கோவிலுக்குள் விடவில்லை என்ற வழக்கில், இப்படித் தடுப்பதை அனுமதிக்க முடியாது என்று 2023 ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட் கண்டித்தது.

தமிழ்நாட்டில் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமண உதவித் திட்டம் 1975-லிருந்து இருக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் மாப்பிள்ளைக்கு 40 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஐம்பதில் தனியானவர்களை அதுவும் கண்டுகொள்ளவில்லை.

பெற்றோரைப் பராமரிக்க 2007-ல் வந்த மத்திய சட்டத்தில் பிள்ளைகள் தர வேண்டியது என்னென்ன என்று எழுதியிருக்கிறது. சாப்பாடு, துணிமணி, இருப்பிடம், வைத்தியம். பேச்சுத் துணை அந்தப் பட்டியலில் இல்லை. தாசில்தாரோ கோர்ட்டோ உத்தரவு போட்டு வாங்கித் தருகிற சரக்கா அது!

வயதானவர்கள் கஷ்டம் சொல்ல 14567 என்ற இலவச டெலிபோன் நம்பர் இருக்கிறது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை ஆள் எடுப்பார்கள். பென்ஷன் சந்தேகம் கேட்கலாம், மனக்குறையும் சொல்லலாம்.

பிள்ளை இல்லாத விதவைக்கு 2008-ல் கொடுத்த சலுகையை, பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போய்விட்ட பெண்ணுக்கும் ஆணுக்கும் நீட்டினால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். அதைச் செய்ய வேண்டியது மத்திய அரசின் ஓய்வூதியத் துறை. டெல்லிக்குக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் புதுச்சேரி எம்.பி.க்கள். அதுவரை ஒவ்வொரு நவம்பரிலும் நெடுங்காட்டுப் பாட்டிமார்கள் காரைக்காலுக்கு பஸ் ஏறி வந்து, விரலைத் துடைத்து மெஷினில் வைத்து, "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.